திருப்பித் தர வேண்டிய நட்சத்திரம்

விக்டோரியா அரசி 1861இல் இந்தியாவுக்கென்று ஒரு விருதை நிறுவியபோது, வடிவமைத்தவர்கள் அதிலிருந்து சிலுவையை விலக்கினார்கள். ஐரோப்பிய அரசவைகளின் வீரப் பட்டங்கள் பெரும்பாலும் சிலுவைப் போர்க் காலத்தின் நினைவைச் சுமப்பவை. பதக்கத்தின் உடலே சிலுவையாக இருப்பது அங்கே வழக்கம். இந்து, இஸ்லாமிய, சீக்கிய அரசர்களின் மார்பில் அதைக் குத்த முடியாது. ஆகவே ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தேர்வாயிற்று. விருதின் பெயரும் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்றானது.

வைரம் பதித்த அந்த நட்சத்திரத்திலிருந்து நீள்வட்டப் பதக்கம் ஒன்று தொங்கும். அதன் நடுவில் ஓனிக்ஸ் கல்லில் புடைப்பாகச் செதுக்கிய அரசியின் முகம். சுற்றிலும் வைர எழுத்துகளில், விண்ணின் ஒளியே நமக்கு வழிகாட்டி என்று பொருள்படும் ஆங்கில வாசகம். நாடா வெளிர்நீலம், ஓரங்களில் வெள்ளை. விழா நாட்களில் அணியும் தங்கக் கழுத்தாரத்தில் இந்தியத் தாமரையும் பனை மட்டையும் இங்கிலாந்தின் சிவப்பு, வெள்ளை ரோஜாக்களும் கோக்கப்பட்டிருக்கும், நடுவே மணிமுடி. இவை எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளைப் பட்டு உள்துணி வைத்துத் தைத்த வெளிர்நீல சாட்டின் மேலங்கி.

நகையாகப் பார்த்தால் நேர்த்தியான வேலை. அரசியலாகப் பார்த்தால் இன்னும் நேர்த்தி. அணிபவரின் மதம் புண்படாதபடி சிலுவையை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் அமர்ந்த நட்சத்திரம் எந்தக் கோயிலுக்கும் எந்த மசூதிக்கும் சொந்தமில்லை. ஆனால் அதன் கீழே தொங்கும் முகம் யாருக்குச் சொந்தம் என்பதில் ஐயமில்லை. மதத்தை விட்டுக்கொடுத்தவர்கள் ஆட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. தாமரையையும் ரோஜாவையும் ஒரே ஆரத்தில் கோத்து, இரண்டுக்கும் நடுவில் முடியை வைத்தார்கள்.

முதல் விழா நடந்த நாளும் ஊரும் தற்செயலானவை அல்ல. 1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில்தான் கானிங் பிரபு அரசியின் பிரகடனத்தை வாசித்தார்; கம்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி தொடங்கியதை நாடு அறிந்தது அப்போதுதான். சரியாக மூன்றாண்டு கழித்து, 1861 நவம்பர் 1 அன்று, அதே அலகாபாத்தில் அதே கானிங் நால்வருக்குப் புதிய நட்சத்திரத்தை அணிவித்தார்: குவாலியரின் சிந்தியா, பாட்டியாலா மகாராஜா, ராம்பூர் நவாப், போபாலின் சிக்கந்தர் பேகம். நால்வரும் 1857இன் கிளர்ச்சியில் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள். பாட்டியாலாவின் படை டெல்லிக்குப் போகும் பாதையைக் காத்தது. சிந்தியாவின் சொந்தப் படையே கிளர்ச்சியாளர்களிடம் போய்ச் சேர்ந்தபோதும் அவர் ஆக்ராவுக்குத் தப்பி ஓடினாரே தவிர அணி மாறவில்லை. புயலின் முன் அலைதடுப்புச் சுவர்களாக நின்றவர்கள் சமஸ்தானங்கள்தாம் என்பது கானிங்கின் கணிப்பு. சுவரைப் பராமரிக்கும் செலவில் மலிவானது நட்சத்திரம்.

அன்று இன்னொருவரும் உயிரோடு இருந்தார். முகலாயப் பேரரசின் கடைசி அரசர் பகதூர் ஷா ஜாபர் ரங்கூனில் காவலில் இருந்தார்; இறந்தது 1862 நவம்பரில்தான். அதுவரை இந்தியாவில் மரியாதை என்றால் கில்லத்து என்று பொருள். பேரரசர் தன் உடலில் பட்டதாகக் கருதப்படும் ஆடையை ஒருவருக்கு அணிவிப்பார். வாங்குபவர் பொன் நாணயங்களை நஜராக வைப்பார். ஆடை வழியே அரசரின் உடலில் ஒரு பங்காகிறார் அவர் என்பது அதன் தத்துவம். கம்பெனிக்காரர்களுக்கு இது புரியவில்லை. கொடுக்கல் வாங்கல் என்றும் கையூட்டு என்றும் நினைத்தார்கள். கில்லத்தைக் கொடுத்துவந்த வீட்டை அழித்த பிறகு, மரியாதைக்கு வேறு ஓர் ஊற்று தேவைப்பட்டது. நட்சத்திரம் அந்தக் காலி இடத்தில் உதித்தது.

ஹைதராபாத்தில் இது சுலபமாக இறங்கவில்லை. நிஜாம் அஃப்சல் உத் தௌலாவும் அவருடைய திவான் சாலார் ஜங்கும் எழுப்பிய ஆட்சேபங்களை வரலாற்றாய்வாளர் பெர்னார்ட் கோன் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் மக்களுக்கு அயல்நாட்டு உடையில் வெறுப்பு உண்டு, முன்னோர் உடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அரசர் இந்த அங்கியைப் போட்டால் சிரிப்பார்கள் என்பது ஒன்று. அங்கி பட்டாகவோ வெல்வெட்டாகவோ இருந்தால் இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாது என்பது இரண்டு. படைக்கப்பட்ட உயிர் ஒன்றின் உருவத்தை உடலில் அணிவது விலக்கப்பட்டது, பதக்கத்திலோ அரசியின் முகம் இருக்கிறது என்பது மூன்று. சிலுவையை எடுத்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு முகமும் ஒரு தடையாகும் என்று தோன்றியிருக்கவில்லை.

நிஜாமுக்கு இன்னொரு ஆட்சேபமும் இருந்தது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது அதுதான். விருது பெறுபவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்: நான் இறந்தபின் இந்தச் சின்னங்கள் திருப்பித் தரப்படும். நிஜாம் அதில் கையெழுத்திடத் தயங்கினார். கில்லத்து வாங்கியவர் வீட்டில் அது பரம்பரைச் சொத்து. தோஷகானா என்ற கருவூலத்தில் வைத்துப் பேரனுக்குக் காட்டலாம். இந்த வைர நட்சத்திரமோ ஆயுள் வரைக்கும் இரவல். நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த விதி இந்தியர்களை இழிவுபடுத்தவென்று கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தின் மிகப் பழைய கார்ட்டர் பட்டத்தின் சின்னங்களும் பெற்றவர் இறந்ததும் திரும்பிப் போகின்றன. அந்நாட்டு வழக்கில் பட்டம் என்பது அரசரைத் தலைவராகக் கொண்ட ஒரு குழுவில் இடம். பதக்கம் அந்தக் குழுவின் உடைமை. ஆனால் தன் மண்ணில் தானே மரியாதையின் ஊற்றாக இருந்த ஓர் அரசரிடம் அந்தப் பத்திரத்தை நீட்டும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. அவர் இனிமேல் கொடுப்பவர் அல்ல, கையெழுத்திட்டு வாங்குபவர். எனினும் பட்டியலில் நிஜாமின் பெயர் ஏறியது.

அலகாபாத் விழா நடந்த அதே நாளில் வின்ட்சரில் அரசி தம் கையால் சிலருக்கு நட்சத்திரம் அணிவித்தார். அவர்களில் ஒருவர் துலீப் சிங். 1849இல், பத்து வயதில், லாகூர் அரியணையோடு கோகினூர் வைரத்தையும் ஒப்பந்தப்படி ஒப்படைத்த சீக்கிய அரசர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, அந்த வைரத்தை வாங்கிக்கொண்டவர்கள் சிறு சிறு வைரங்கள் பதித்த நட்சத்திரம் ஒன்றை அவருக்கு அணிவித்தார்கள். கோகினூரைத் திருப்பித் தருவதாக யாரும் பத்திரம் எழுதவில்லை. 1886இல் துலீப் சிங் இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஏடனில் தடுத்து நிறுத்தினார்கள். அங்கேயே மீண்டும் சீக்கியரானார். 1893இல் பாரிஸில் இறந்தார்.

தமிழ் மரபில் பரிசிலைத் திரும்பக் கேட்ட மன்னன் உண்டா? பாணனுக்குச் சூட்டிய பொற்றாமரை பாணனுடையது. ஏனாதிக்கு மோதிரமும் காவிதிக்குப் பொற்பூவும் கொடுத்த அரசர்கள் பணியையும் விசுவாசத்தையும் எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்கள்; அங்கேயும் அதிகாரம் இருந்தது. ஆனால் வாங்குபவனுக்கு மறுக்கும் இடமும் இருந்தது. தன்னை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தது புறநானூற்றில் பாட்டாகவே நிற்கிறது. கொடையின் மதிப்பைக் கொடுப்பவன் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. 1861இன் பத்திரம் பறித்தது இந்த இடத்தைத்தான்: எப்போது, எப்படித் திரும்ப வேண்டும் என்பதையும் கொடுப்பவரே எழுதிவைத்தார்.

தொடக்கத்தில் இருபத்தைந்து பேருக்கென்று இருந்த விருதை 1866இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். மேலே ஜி.சி.எஸ்.ஐ. 25 பேர், நடுவில் கே.சி.எஸ்.ஐ. 50 பேர், கீழே சி.எஸ்.ஐ. 100 பேர். இது போதாமல் 1878இல் ‘இந்தியன் எம்பயர்’ என்ற இன்னொரு விருது, அதற்கடுத்த படியாக வந்தது. அதன் முதல் பதக்கம் சிவப்பு எனாமல் ரோஜா. ஐந்து இதழ்களில் ‘இந்தியா’ என்ற சொல்லின் ஐந்து ஆங்கில எழுத்துகள். நடுவில் அரசியின் தலை. பின்னாளில் பதக்கத்தைச் சிறிதாக்கியபோது அந்த எழுத்துகள் விடுபட்டுப்போயின. அரசியின் தலை இருந்தது, இந்தியா போய்விட்டது.

படிகள் கூடக்கூட ஏக்கமும் கூடியது. ஒரு மகாராஜாவுக்குப் பக்கத்து மகாராஜாவைவிட எத்தனை மரியாதைக் குண்டு கூடுதலாக முழங்குகிறது, எந்த வகுப்பு நட்சத்திரம் கிடைத்தது என்பது கவலையாயிற்று. ஐ.சி.எஸ். அதிகாரிக்கு ஓய்வுக்கு முன்பு பெயருக்குப் பின்னால் சி.எஸ்.ஐ. சேருமா என்பது கவலையாயிற்று. கொடுக்காமல் வைத்திருப்பதே கொடுப்பதைவிடப் பெரிய பிடி என்பதை ஆட்சி கற்றுக்கொண்டது.

இதை வாங்கியவர்கள் எல்லாரும் அடிவருடிகள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது, உண்மையல்ல. கும்பகோணத்தில் 1828இல் பிறந்த டி. மாதவராவ் திருவிதாங்கூரின் திவானாக இருந்தபோது, 1866இல் கே.சி.எஸ்.ஐ. பெற்று ‘சர்’ ஆனார். கடனில் கிடந்த சமஸ்தானத்தின் கணக்கை நேராக்கியவர். பிறகு இந்தூருக்கும் பரோடாவுக்கும் திவானானவர். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவருடைய சிலை நிற்கிறது. அந்தச் சந்திப்புக்கு ‘ஸ்டாச்சூ’ என்றே பெயர். நட்சத்திரம் அவருடைய திறமையை உண்டாக்கவில்லை. இருக்கும் திறமையின் மேல் முத்திரை வைத்து, அது ஆட்சி ஈன்ற பிள்ளை என்று உலகுக்குக் காட்டியது. விருதுகள் செய்கிற வேலை இதுதான்: ஒருவர் தன் உழைப்பால் ஆனதை, தாங்கள் அங்கீகரித்ததால் ஆனது என்று மாற்றிக் கணக்கெழுதுவது.

பரோடாவில் மாதவராவின் கண்காணிப்பில் ஆட்சிக்கலை பயின்ற சிறுவன்தான் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். அவரும் பின்னர் ஜி.சி.எஸ்.ஐ. பெற்றார். 1911 டிசம்பர் 12, டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முன்னால் சமஸ்தானாதிபதிகள் மின்னிக்கொண்டு வந்து மூன்று முறை வணங்கி, முதுகு காட்டாமல் பின்வாங்கினார்கள். சயாஜிராவ் நகையில்லாத எளிய வெள்ளை உடையில் வந்தார். ஒருமுறை தலைசாய்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. சில நாட்களில் வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்கு அவர் மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. வைரத்தை அணியாமல் வருவதே கலகமாகிவிடும் அளவுக்கு அந்த அலங்காரம் கட்டாயமாகியிருந்தது.

விண்ணின் ஒளி என்ற அந்த வாசகத்தை மார்பில் தாங்கியவர்களில் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ’டையரும் ஒருவர், அவர் கே.சி.எஸ்.ஐ. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் படைத்தளபதி டயர் சுட்டதைச் சரியென்று ஒப்புதல் தந்தவர். அவரிடமிருந்து நட்சத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்று விருதின் கிராண்ட் மாஸ்டருக்குத் தோன்றவில்லை. அரசருக்கு அடுத்த நிலையில் உள்ள அந்தப் பொறுப்பு பதவிவழியாக எப்போதும் வைஸ்ராயுடையதுதான், அன்று செம்ஸ்ஃபோர்டு.

அதே செம்ஸ்ஃபோர்டுக்குத்தான் 1919 மே முடிவில் தாகூர் கடிதம் எழுதி, 1915இல் பெற்ற ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். தாகூருடையது எந்தக் குழுவையும் சேராத தனி நைட் பட்டம். அதற்கு அன்று பதக்கம்கூடக் கிடையாது, 1926இல்தான் வந்தது. திருப்பி அனுப்ப அவரிடம் ஒரு பொருளும் இல்லை, ஒரு கடிதத்தைத் தவிர. 1920 ஆகஸ்ட் 1 அன்று காந்தி தன் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும் போயர் போர், ஜூலூ போர்ப் பதக்கங்களையும் திருப்பி அனுப்பினார். அதுவும் செம்ஸ்ஃபோர்டுக்கே.

இவர்கள் இருவருக்கும் முன்பே ஒரு தமிழர் இதைச் செய்துவிட்டார். நம் பாடநூல்கள் தாகூரைச் சொல்லும் அளவுக்கு அவரைச் சொல்வதில்லை. மதுரையில் 1842இல் பிறந்த எஸ். சுப்பிரமணிய அய்யர், மணி அய்யர் என்று அறியப்பட்டவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி, தலைமை நீதிபதியின் பொறுப்பையும் வகித்தவர், ‘இந்தியன் எம்பயர்’ விருதின் கே.சி.ஐ.இ., திவான் பகதூர். அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்ட சில நாட்களில், 1917 ஜூன் 24 அன்று, அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு அவர் கடிதம் எழுதினார்; இந்தியாவின் நிலையை விவரித்துத் தன்னாட்சிக்கு ஆதரவு கேட்டார். கடிதம் கடல்கடந்து போய்ச் சேர்ந்தது. 1918இல் இந்தியா மந்திரி மாண்டேகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். எழுபத்தைந்து வயதான அந்த மனிதர் தன் பட்டங்களைத் துறந்துவிட்டார். ஆட்சியின் முகத்தில் வீச அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை. கொடுத்தவர்களே அதைக் கொடுத்திருந்தார்கள்.

இறந்தபின் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியவர்கள் உயிரோடு திருப்பித் தருபவனை எதிர்பார்க்கவில்லை. தாகூரின் துறவை அரசு முறைப்படி ஏற்றுக்கொள்ளவும் இல்லை. சாவில் திரும்பும் பதக்கம் விதிப்படி நடக்கும் அலுவல். வாழ்வில் திரும்பும் பதக்கம் தீர்ப்பு.

சுதந்திர இந்தியா இந்தச் சங்கிலியை அறுக்க விரும்பியது. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. நான்கே ஆண்டில், 1954இல், பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. முதல் பாரத ரத்னா மூவருக்கு: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவரில் இருவர் பழைய ‘சர்’கள், ராமன் 1929இல், ராதாகிருஷ்ணன் 1931இல் பெற்றவர்கள். ஜனதா ஆட்சி 1977இல் இந்த விருதுகளை நிறுத்தியது. 1980இல் மீண்டும் வந்தன. 1995இல் உச்ச நீதிமன்றம் இவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. தீர்ப்பைப் படித்தவர்கள் குறைவு என்று நம் ஊர் அழைப்பிதழ்களைப் பார்த்தால் தெரிகிறது.

2015இல் கன்னட அறிஞர் கல்புர்கி கொலைக்குப் பிறகு உதய் பிரகாஷ், நயன்தாரா சாகல், அசோக் வாஜ்பேயி முதலான எழுத்தாளர்கள் சாகித்திய அகாதெமி விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் எதிரொலி எட்டாண்டு கழித்து வந்தது. 2023 ஜூலையில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று தன் அறிக்கையில் பரிந்துரைத்தது: அரசியல் காரணங்களுக்காகத் திருப்பித் தர மாட்டேன் என்று விருது பெறுபவரிடம் முன்கூட்டியே உறுதிமொழி வாங்க வேண்டும்.

1861இன் பத்திரம் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கேட்டது. 2023இன் பரிந்துரை திருப்பித் தர மாட்டேன் என்று எழுதி வாங்கச் சொன்னது. சொற்கள் எதிரெதிர், கேட்கும் அதிகாரம் ஒன்றே. பேரரசுக்கு அன்று வைரம் பெரிது. திருப்பி வாங்கிக்கொள்ள நினைத்தது. குடியரசுக்கு இன்று அவமானம் பெரிது. திருப்பி வாங்க அஞ்சுகிறது. மணி அய்யர் செய்ததை இனி யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ள அவருக்குப் பட்டம் கொடுத்தவர்களுக்கே தோன்றாத உபாயம் இது.

‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ 1948க்குப் பிறகு யாருக்கும் வழங்கப்படவில்லை. அதைப் பெற்றவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த ஆல்வார் மகாராஜா 2009இல் இறந்தார். சின்னங்கள் அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் இருக்கின்றன. அவற்றால் இனி யாருக்கும் தீங்கில்லை. பத்திரம்தான் சாகவில்லை. விருதை வாங்குவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் கையெழுத்துக் கேட்டு நீட்டப்படும் விருதை எந்த எழுத்தாளரும் வாங்கக் கூடாது. திருப்பித் தர முடியாத மரியாதை மரியாதையே அல்ல.